காவிரி டெல்டாவில் தற்கொலைத் தடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் சுற்றியுள்ள டெல்டா வட்டங்களிலும் கிராம அளவில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கும், வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலையில் இருப்பவர்களுக்கும் எழுதியது. இதைப் படிக்கும் உங்களுக்கே வாழ்க்கை வேண்டாம் என்று இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-க்குப் பேசினாலும் ஆலோசகர் கிடைப்பார். பேசி முடிக்கும்வரை பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்கார நாடுகளில்தான் தற்கொலை அதிகம் என்று சொல்வது சரியா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 100க்கு 73 பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 15 முதல் 29 வயதுக்குள் நிகழும் மரணங்களுக்கான காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

எண்ணிக்கையைப் போலவே தன்மையும் வேறு. பணக்கார நாடுகளில் இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்மைப் போன்ற நாடுகளில் அந்த இடைவெளி குறைவு, இளம்பெண்கள் அதிகம். அங்கே பெரும்பாலான மரணங்களுக்குப் பின்னால் நெடுநாள் மனநோய் இருக்கும். இங்கே அதோடு சேர்ந்து கடன், குடும்பச் சண்டை, குடி, அவமானம் என்று அன்றைய நெருக்கடியும் பெரிய பங்கு வகிக்கிறது. இன்னொன்று, கொடிய விஷம் இங்கே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோபத்திலோ வேதனையிலோ கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கூட்டுவதுதான் டெல்டாவில் நாம் செய்யக்கூடிய முதல் வேலை என்பது எங்கள் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டின் நிலை என்ன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் 1,70,924 பேர். லட்சத்துக்கு 12.4. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். லட்சத்துக்கு 25.9, அதாவது நாட்டின் சராசரியைப் போல இரு மடங்கு. எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மற்ற பல மாநிலங்களைவிட இங்கே பதிவு ஒழுங்காக நடப்பதும் ஒரு காரணம்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் சுமை பெரியது.

அதே ஆண்டில் நாடு முழுக்க இப்படி இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களின் ஆண்டு வருமானம் ஒரு லட்ச ரூபாய்க்குக் கீழே. நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

விவசாயி தற்கொலை என்றால் கடன்தானே காரணம்?

கடன் உண்டு. ஆனால் தனியாக வருவதில்லை. நாட்டின் எல்லாத் தற்கொலைகளையும் சேர்த்த 2022 கணக்கில் ‘கடன்’ என்று பதிவானது 100க்கு 5க்கும் குறைவு; ‘குடும்பப் பிரச்சினை’ 31.7, ‘நோய்’ 18.4. காவல் நிலையப் படிவத்தில் ஒரு காரணத்தைத்தான் எழுத முடியும். நடவுக்கு வாங்கிய கடன் வட்டியாகி, வட்டிக்காக மனைவியின் நகை அடகுக்குப் போய், அதனால் வீட்டில் சண்டை வந்து, சண்டையால் குடி கூடியிருந்தால் அது எந்தக் கட்டத்தில் விழும்? பெரும்பாலும் ‘குடும்பப் பிரச்சினை’யில்தான்.

டெல்டாவில் இந்தச் சங்கிலி தண்ணீரில் தொடங்குகிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு. தள்ளிப்போனால் சம்பா மட்டும்தான், ஒரு போக வருமானம் போயிற்று. 2012 முதல் எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020இல்தான் மீண்டும் உரிய நாளில் திறந்தது. நடுவே 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்து 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். கோயில், மட நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் வாய்மொழியாகக் குத்தகை பிடித்துச் சாகுபடி செய்பவர் செலவு முழுவதையும் தானே போடுகிறார். ஆனால் பட்டா அவர் பெயரில் இல்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கான அடங்கலில் தன் பெயர் ஏறாவிட்டால் நிவாரணமும் பயிர்க் காப்பீடும் கூட்டுறவுக் கடனும் கைக்கு எட்டாது. நாற்று விட்ட உடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கல் வாங்கி வைப்பது பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு என்று சொன்னால் மிகையில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. 2022இல் நாடு முழுக்க விவசாயத் துறையில் பதிவான 11,290 பேரில் 6,083 பேர் விவசாயக் கூலிகள். நிலமே இல்லாதவர்கள். ‘விவசாயி தற்கொலை’ என்று பேசும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை.

பெண்களுக்கு என்ன மாதிரியான ஆபத்து?

2022இல் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். கணவன் குடித்துவிட்டு அடிப்பது, வரதட்சணை, இளவயதுத் திருமணம், குழந்தை இல்லை என்ற பேச்சு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவை முன்னால் நிற்கின்றன. இப்போது குழுக்கடனும் சேர்ந்துவிட்டது. வீட்டுச் செலவுக்கு வாங்கினாலும் கையெழுத்தும் வசூலும் அவர் தலையில்தான். அடி உதை இருக்கும் வீட்டில் ‘அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்புவது ஆபத்தைக் கூட்டும். 181 பெண்கள் உதவி எண்.

மனநோய் உள்ளவர்கள்தானே இப்படிச் செய்வார்கள்?

மனச்சோர்வு, மனச்சிதைவு, குடிப்பழக்கம் மூன்றும் ஆபத்தைப் பல மடங்கு கூட்டும். மருந்து எடுத்தால் குறையும். ஆனால் எந்த நோயும் இல்லாமல், ஒரு மாலைச் சண்டையில் நடந்துவிடுவதும் இங்கே நிறைய. யோசனை வந்ததற்கும் செயலுக்கும் நடுவே சில நிமிடங்களே இருந்ததாகப் பிழைத்தவர்களில் பலர் சொல்கிறார்கள். உள்ளே சாராயம் போயிருந்தால் அந்த நிமிடங்களும் சுருங்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள்.

தனித்த ஆபத்துக் காரணிகளில் மிக வலுவானது முன்பு ஒருமுறை முயன்றிருப்பது. ‘சும்மா மிரட்டுறா’ என்று ஒதுக்காதீர்கள்.

பூச்சிமருந்தைப் பூட்டி வைத்தால் வேறு வழியைத் தேட மாட்டார்களா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் இலங்கையில் இருக்கிறது. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போனது, உலகிலேயே உச்சத்தில் ஒன்று. அந்த ஆண்டிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொரு கட்டமாகத் தடை செய்தார்கள். 2015க்குள் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சலும் விழவில்லை. எல்லோரும் வேறு வழிக்குப் போயிருந்தால் மொத்த எண்ணிக்கை இப்படி இறங்கியிருக்காது. வங்கதேசத்திலும் தடைக்குப் பிறகு இறக்கம் தெரிந்தது.

எங்கள் நிலைப்பாட்டை மறைக்கவில்லை: தடைதான் முதல் மருந்து. பூட்டு அதற்கு அடுத்தது.

பூட்டு போதாதா?

வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்து இலங்கையில் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை என்று 2017இல் முடிவு வந்தது. காரணம் யோசித்தாலே புரியும். சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்டிதான் வீட்டுக்கு வந்ததே தவிர விஷம் வீட்டைவிட்டுப் போகவில்லை.

இதற்கு மாற்றாக நம் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், ஊர்ப் பொது வைப்பறை முயற்சி நடந்தது. சென்னை சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் செய்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், உள்ளே விவசாயிக்கு ஒரு பெட்டி, பொறுப்பாளர் ஒருவர். மருந்தை எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு மனிதரைப் பார்த்தாக வேண்டும். நடக்கும் தூரமும் அந்த முகமும்தான் பாதுகாப்பு. சிறிய ஆய்வுதான், ஆனால் விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் நம்பிக்கை தருவதாக இருந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் உள்ள ஊரில் இதற்கு ஓர் அறை ஒதுக்கக் கேட்டு கிராமசபையில் தீர்மானம் போடலாம்.

அதுவரை என் வீட்டு மருந்தை என்ன செய்வது?

இன்றைக்கே ஒரு சுற்று பாருங்கள். டெல்டா வீடுகளில் மருந்து இருக்கும் இடங்கள் தெரிந்தவைதாம்: இறவானத்தில் சொருகிய பாட்டில், மாட்டுக்கொட்டகைப் பரண், பத்தாயத்துக்குப் பின்னால், திண்ணை ஓரச் சாக்கு. போன சம்பாவில் மிஞ்சிய கால் பாட்டில் எங்கே இருக்கிறது என்று விவசாயிக்கே மறந்திருக்கும். வீட்டுப் பிள்ளைக்கு மறந்திருக்காது.

மிச்சம் வைக்காமல் வாங்குவதுதான் சிறந்த வழி. சாதாரணக் கைத்தெளிப்பானுக்கு நெல் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க் என்று கணக்கு. லேபிளில் ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்த்து, உங்களுக்கு எத்தனை மா நிலமோ அதற்கு எவ்வளவு என்று கணக்கிட்டு (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்), அந்த அளவுக்கான சிறிய பாட்டிலையே கேளுங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து வாங்கி அன்றே அடித்து முடித்தால் அந்த மலிவும் கிடைக்கும், மிச்சமும் இருக்காது. கூலிக்கு அடிப்பவரோ ட்ரோன்காரரோ வந்தால் மீதியை வீட்டில் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள்.

மிஞ்சினால் வீட்டில் வேண்டாம். வயலில் பம்புசெட்டுக் கொட்டகையில் இரும்புப் பெட்டி, நல்ல பூட்டு. சாவி வீட்டு ஆணியில் தொங்கக் கூடாது. வீட்டில் ஒருவர் தவிப்பில் இருக்கிறார் என்றால் கொட்டகையும் போதாது. அந்தப் பருவம் முடியும்வரை வேறு ஊர் உறவினர் வீட்டுப் பூட்டுக்குள் போகட்டும். குளிர்பான பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடுவார்கள், மருத்துவமனையில் என்ன மருந்து என்றும் சொல்ல முடியாது. காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். லேபிளில் நச்சின் அளவைக் காட்டும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து ‘இது சாதாரண மருந்து’ என்று எதையும் வெளியே விடாதீர்கள். எலிமருந்துக்கும் வீட்டில் சேர்த்து வைத்த மாத்திரைகளுக்கும் இதே விதிதான்.

ஒருவர் மீது சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது?

நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்டால் பாரம் இறங்குகிறது என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

கவனிக்க வேண்டியவை: யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று திடீரென்று எழுதி வைப்பது, மாட்டையோ வண்டியையோ தேவையில்லாமல் கொடுத்துவிடுவது, பெண்ணை நல்லா பாத்துக்கோ என்று தம்பியிடம் ஒப்படைப்பது, தூக்கம் கெடுவது, டீக்கடைக்கு வராமல் இருப்பது, பல நாள் தவிப்புக்குப் பிறகு சட்டென்று அமைதியாகிவிடுவது.

தனியாக, வயல் வரப்பிலோ ஆற்றங்கரையிலோ உட்கார்ந்து இப்படித் தொடங்கலாம்: “அண்ணே, நாலு நாளா சரியா சாப்பிடலைன்னு அண்ணி சொன்னாங்க. மனசு ரொம்ப பாரமா இருக்கா?” கொஞ்சம் பேசவிட்டு, “உசுர விட்டுடலாம்னு தோணுதாண்ணே?” ஆமாம் என்றால் பதற வேண்டாம். “எப்ப இருந்து? ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கீங்களா?” எடுத்து வைத்திருந்தால் முதலில் அது அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே 14416-க்கு அழையுங்கள்.

“உனக்கென்ன குறைச்சல்”, “புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா”, “கோழை மாதிரி பேசாத” என்று சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்குத் தான் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு கல்லாக விழும். சத்தியம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்விடவும் கூடாது.

யாராவது விஷம் சாப்பிட்டுவிட்டால் உடனே என்ன செய்வது?

108. வண்டி வரும்வரை:

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக்கரைசல், பால், மோர் எதுவும் வேண்டாம். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். திரவ மருந்துகள் பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கிறது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால் விஷத்தோடு இன்னோர் ஆபத்தும் சேர்கிறது.

இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் நுரையோ வாந்தியோ இருந்தால் துணியால் துடையுங்கள். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் பாலிதீன் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள், தோல் வழியாகவும் ஏறும்.

பாட்டிலை, இல்லையென்றால் லேபிளையாவது, கவரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு, கூடவே மது இருந்ததா என்று சொல்லுங்கள். சந்தேகம் கேட்க தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. ஆனால் அதற்காகப் பயணத்தை நிறுத்தாதீர்கள்.

‘நல்லாத்தான் பேசுறான்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும், மறுநாளே எழுதிக் கொடுத்துக் கூட்டி வருவதும் உயிரைப் பறித்துவிடும். சில விஷங்கள் ஒன்றிரண்டு நாள் எதையும் காட்டாமல் இருந்து உள்ளுறுப்பைக் கெடுக்கும். சிலவற்றில் தேறிவிட்டது போல இருந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் மூச்சுத் தசைகள் சோர்ந்து செயற்கைச் சுவாசம் தேவைப்படும். மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை இருக்க வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தால் ‘வயிற்றுவலி’ என்று பொய் சொல்லி, தவறான சிகிச்சையில் உயிர் போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தில் முயல்வதை மட்டும் 226ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரும், ஒருவர் வந்து வாக்குமூலம் வாங்குவார், அவ்வளவுதான். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு?

வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் மிக ஆபத்தானவை. அந்த நேரத்தில்தான் ஊர் அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறது.

சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் எளிய முறையைச் சோதித்தது. முடிவு 2008இல் வந்தது. மருத்துவமனையை விட்டுப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் ஒருவர் போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க, ஏதாவது உதவி வேண்டுமா’ என்று விசாரிப்பது. 18 மாதத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். பெரிய படிப்பு தேவையில்லாத வேலை. கிராம சுகாதாரச் செவிலியரோ சுய உதவிக் குழுத் தலைவியோ சித்தப்பா முறையில் ஒருவரோ அந்த ஒன்பது தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டுச் செய்யலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, முதல் வாரத்திலேயே கூட்டிப் போங்கள்.

குழுக்கடன்காரர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகள்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொல்லை செய்வது, பெயரை வெளியே போட்டு அவமானப்படுத்துவது எல்லாமே விதிமீறல். ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுத்திருந்தால் அதுவும் மீறல்தான். நாள், நேரம், வந்தவர் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் புகார் எண் 14448. மிரட்டல் என்றால் நேராகக் காவல் நிலையம். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

மீட்டர் வட்டியை அடைக்க இன்னொரு குழுவில் வாங்காதீர்கள். எல்லாப் பாக்கியையும் ஒரே தாளில் எழுதி, நம்பகமான ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். தனியாகச் சுமக்கும்போது தொகை பெரிதாகத் தெரியும்.

தேர்வு முடிவு நாளில்?

முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: துணைத்தேர்வு உண்டு, வருடம் வீணாகாது. அன்றும் அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். மதிப்பெண்ணைச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

ஊரில் ஒருவர் இறந்துவிட்டார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

எப்படி, எதைக் கொண்டு என்று விவரம் கேட்காதீர்கள், பரப்பாதீர்கள். அவர் எழுதிய கடிதத்தையோ கடைசி வீடியோவையோ குழுக்களில் போட வேண்டாம். அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் அதைப் பார்ப்பார். அஞ்சலி ஃபிளெக்ஸில் ‘கொள்கைக்காக உயிர் நீத்த’ போன்ற புகழ்ச்சி வேண்டாம்.

இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு ஆபத்து கூடுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை கூட்டம் இருக்கும். பதினேழாம் நாள்தான் வீடு வெறிச்சோடும். அன்றிலிருந்து யார் எந்தக் கிழமை போய்ப் பார்ப்பது என்று தெருவிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடன்காரர்கள் வந்தால் அந்தப் பெண் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பெரியவர் ஒருவர் உடன் நிற்கட்டும். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும் முன்பு வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள். அந்த வீட்டிலும் கொட்டகையிலும் மருந்து மிச்சம் இருந்தால் காரியம் முடியும்வரை காத்திருக்காமல் முதல் நாளே அப்புறப்படுத்துங்கள்.